கேள்வி எண் பதினான்கு

மார்ச் மாதம், பனி கரையாத நாரின் மலைகளில்
நூற்றுப் பதினெட்டு வீடுகளின் கதவைத் தட்டி
பெர்மெத் கேட்டாள்:
பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறீர்களா?
நாற்பத்தொரு வீட்டில் ஆம்.
மற்ற வீடுகளில் சிரிப்பு.
சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை,
இல்லை என்று குறித்துக்கொண்டாள்.

மே மாதம் பாடம் நடந்தது.
பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சுகளில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள் மேய்ப்பர்கள்.
அலைக் காய்ச்சல் எப்படி ஏறும், எப்படி இறங்கும்,
இறங்கிவிட்டதென்று நம்பும்போது
எப்படி மூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
சுவரொட்டியில் ஒரு பாத்திரம், மூன்று கொப்புளம்.
வீட்டுக்கு ஐந்து ஜோடி கையுறை, குட்டி எடுக்கும்போது போட்டுக்கொள்ள.
குட்டிகள் ஏப்ரலிலேயே பிறந்து முடிந்திருந்தன.
அதை யாரும் சொல்லவில்லை. விருந்தாளிகள் அல்லவா.

அக்டோபரில் நூற்றுப் பதினெட்டு
நூற்றிரண்டாகியிருந்தது.
ஏழு குடும்பம் மேய்ச்சலிலிருந்து இறங்கவில்லை.
ஐந்து வீடு பூட்டு, ஆட்கள் மாஸ்கோவில்.
மூன்று வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
ஒரு வீட்டில் சபிர்குல் இறந்துபோயிருந்தார்.
எஞ்சியவர்களில் தொண்ணூற்றாறு பேர்
காய்ச்சுகிறோம் என்றார்கள்,
கேள்வி முடியும் முன்பே.

பிஷ்கெக் அலுவலகம் கைதட்டியது.
அந்த வேகம்தான் பெர்மெத்துக்கு உறுத்தியது.

துல்கான் வீட்டில் தேநீரோடு ரொட்டி வந்தது,
ரொட்டிமேல் விரல் கனத்துக்குக் கய்மாக்.
"இது காய்ச்சிய பாலில் எடுத்ததா?"
"இது பால் இல்லையே" என்றாள் துல்கான்.
"பாலைக் காய்ச்சுகிறேன். நீங்கள் கேட்டது பாலை.
இது எந்திரத்தில் பிரிக்கிற ஏடு.
காய்ச்சினால் இந்த ருசி வருமா?"

அவள் பொய் சொல்லவில்லை.
தொண்ணூற்றாறு பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.
பொய் படிவத்தில் இருந்தது,
கேள்வி எண் பதினான்கில், ஒரே ஒரு சொல்லில்.
அதை எழுதியவள் பெர்மெத்,
நான்காவது மாடியில், டப்பாப் பால் விட்ட காபியோடு.
மரியாதைக்கு ஒரு வாய் தின்றாள்.
தின்றதையும் குறிப்பேட்டில் எழுதினாள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
அது சோற்றுக்குச் சரி.
வீடுகள் தனித்தனி உலை.
சீட்டுக் குலுக்கி இருபது வீடு எடுத்துத்
திரும்பவும் ஏறி இறங்கினாள்.
பதினேழில் ஏடு அடுப்பைக் கண்டதே இல்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு ஊர், ஒப்பிட்டுப் பார்க்க.
அங்கே பாடம் கிடையாது, அடுத்த ஆண்டுதான் அவர்கள் முறை.
நெறிக்குழு முத்திரை குத்திய நியாயம் அது.
ஆனாலும் முதுகு வலிக்கிறதென்று ஒருவர் சொல்ல
எத்தனை நாளாய் என்று மட்டும் கேட்டு,
மருத்துவமனைச் சீட்டு கொடுத்து,
தெரிந்த மிச்சத்தை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு
அவள் எழுந்து வந்திருக்கிறாள்.

அந்த ஊரிலும் எண் ஏறியிருந்தது.
ஏறக் கூடாது.
தேடிப் போனால், ஆகஸ்டில் ஒரு கல்யாணம்.
இக்கரையிலிருந்து போன ஜிபார்கூலின் பெட்டியில்
கம்பளத்துக்குள் மடித்து வைத்த சுவரொட்டி
இப்போது மாமியாரின் எந்திரத்துக்கு மேலே.
வரைந்த பாத்திரத்தின் கீழே
பென்சிலில் ஒரு வரி சேர்த்திருந்தாள்:
கய்மாக் எடுக்கும் முன்பும்.
அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

ஆய்வு மொழியில் இதன் பெயர் கலப்படம்.
அந்தச் சொல்லை அறிக்கையில் எழுதிவிட்டுப்
பெர்மெத் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கலப்படத்தால் பால் நல்லதானது
இந்த ஒரு இடத்தில்தான் போலும்.

திரும்பும் பேருந்தில், குலுங்கும் எழுத்தில்,
பதினான்கை அடித்துவிட்டுத் திருத்தினாள்:
நேற்றுக் காலையிலிருந்து இந்த வீட்டில்
மடியிலிருந்து வந்த எதையெல்லாம்
யார் யார் வாயில் வைத்தீர்கள்,
அதில் எதெது அடுப்பைப் பார்த்தது?

கீழே கட்டம் போடவில்லை.
நாலு வரி இடம் விட்டாள்.